நீலமயில் ஏழாம் நம்பர்

குஞ்சு முகம்மதுவின் ஆள்காட்டி விரலில் மை இன்னும் காயவில்லை.

மூச்சு நின்று இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

பாண்டீஸ்வரன் கிழவரின் கழுத்திலிருந்து துண்டை உருவினான். அவருடைய துண்டுதான். மடித்து அவர் தோளிலேயே போட்டான். எழுபது வயது உடம்பு, எதிர்க்கக்கூடத் தெம்பில்லை. இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருக்க வேண்டாமே என்று நினைத்துக்கொண்டான்.

மேஜை மேலிருந்த மை பாட்டிலைப் பையில் போட்டான். விரிந்து கிடந்த தடித்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். அதுவும் பைக்குள் போனது. பாலக்காட்டு வெயிலில் இறங்கி மார்க்கெட் கூட்டத்தில் கலந்தான்.

கடைக்குப் பின்னால் வீடு. நடுக்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மகள் ரஜீனா வந்தாள். கையில் இரண்டு கிளாஸ் சாயா...

"அத்தா?"

கிளாஸ்கள் உடைந்தன. அதற்குப் பிறகு வந்த அலறல் தெருமுனை வரை கேட்டது. பாண்டீஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவன் திரும்பிப் பார்க்கலாமா!

ஒரு பாட்டில் மைக்காகவா கொலை?

ஆமாம். கதை அப்படி.

மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியில் பாண்டீஸ்வரனின் அப்பா கருத்தப்பாண்டியைக் கேட்டால் யோசிப்பார்கள். 'ஊதா மைக்காரர்' என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். எஸ்டேட் ஜனங்களுக்கு முப்பது வருஷம் மனு எழுதிக் கொடுத்தவர். எல்லாம் ஒரே மையில்தான். நீலமயில் ஏழாம் நம்பர்! நீலமா ஊதாவா என்று பார்க்கிறவர்கள் சண்டை போடுகிற நிறம். 2012இல் கம்பெனி அதை நிறுத்தியது. கையிருப்பு தீர்ந்த அன்று மனிதர் பேனாவை மூடியவர்தான். போன தை மாதம் கண்ணையும் மூடினார்.

உயில் எழுதவில்லை.

இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம், நடுவில் ஒரு வீடு. கடைசி வரை அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் மகள் ஆனந்தி. மரத்திலிருந்து விழுந்து கட்டிலோடு கிடக்கும் புருஷனையும் அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மகன் பாண்டீஸ்வரன் கோயம்புத்தூர்க்காரனாகி இருபது வருஷம். பாதி அவனுக்குத் தானாகவே வந்திருக்கும். ஆனால் ரிசார்ட்காரன் முழுசாகக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றான். ஆனந்தி விற்கவே மாட்டேன் என்றாள்.

எனவே, 2010இல் அப்பா எழுத மறந்த உயிலை மகன் இப்போது எழுதக் கிளம்பினான்!

அப்பாவின் பேனா இருந்தது. அவர் வாங்கி வைத்து எழுதாமலே விட்ட பழைய நோட்டு ஒன்றும் இருந்தது. மனுக்களின் ஜெராக்ஸ் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நாலு மாசம் அவர் கையெழுத்தைப் பழகினான். சாட்சிகளாகச் செத்துப்போன இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தான். குறுக்கு விசாரணைக்கு அவர்கள் வரமாட்டார்கள் அல்லவா?

இல்லாதது மை மட்டும்.

கோவை, மதுரை, மூணாறு என்று பேனாக் கடைகளாக ஏறி இறங்கினான். எல்லோரும் கையை விரித்தார்கள். பழைய மை வேண்டுமென்றால் பாலக்காட்டில் குஞ்சு முகம்மது ராவுத்தரைப் பார், மைக்கு அவர் சொன்னதுதான் தீர்ப்பு, கோர்ட்டிலேயே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று ஒருவர் சொன்னார். பாண்டீஸ்வரன் அந்தக் கடைசி வார்த்தையை மறக்கவில்லை. மையும் அவரிடம். சாட்சியும் அவரே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ராவுத்தர் முதலில் அவன் ஆன்லைனில் வாங்கியிருந்த பாட்டிலைப் பார்த்தார். ஒரு கோடு இழுத்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மயில் இல்ல தம்பி. காக்கா."

உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். சீல் பிரிக்காதது. மூடியைத் திறந்து முகர்ந்தார். பூஞ்சை வாடை இல்லை. நோட்டில் மூன்று கோடு இழுத்தார். ஈரத்தில் ஊதா, காயக் காய நீலத்தில் கலந்த ஊதா. ஒரு கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தார்.

"பாருங்க. ஊதா ஓடுது. நீலம் உக்காந்துக்குது. அசல்."

பாண்டீஸ்வரன் பர்ஸை எடுத்தான். விலை என்ன என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் நோட்டின் முன்பக்கப் பட்டியலில் ஒரு வரி குறித்துவிட்டு, கோடுகளுக்குக் கீழே மலையாளத்தில் நாலு வரி எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்றதற்கு, மையின் ஜாதகம் என்றார்.

"வெல என்ன பாய்?"

"முதல்ல குறை, அப்புறந்தான் விலை. குறையச் சொல்லாம வித்தா அந்தக் காசு நமக்கு ஹராம். இத ஏன் நிறுத்துனாங்கன்னு தெரியுமா தம்பி? இருங்க, சாயா வரட்டும். குடிச்சுக்கிட்டே சொல்றேன்."

உள்பக்கம் திரும்பி இரண்டு சாயாவுக்குக் குரல் கொடுத்தார்.

விலையை ஏற்றத்தான் கிழவர் இழுக்கிறார் என்று பாண்டீஸ்வரன் நினைத்தான். சாயா வந்தால் கூடவே ஓர் ஆளும் வரும். அவர் முதுகு திரும்பியிருந்தது. தோளில் துண்டு இருந்தது.

அவ்வளவுதான்.

நோட்டுத் தாளைக் கிழித்ததற்கும் கணக்கு உண்டு. அந்த மூன்று கோடுகள் ராவுத்தரே ஒத்துக்கொண்ட அசல் நிறம். எழுதும்போது ஒத்துப் பார்க்க வேண்டாமா? கீழே இருந்த வரிகளை அவன் சட்டை செய்யவில்லை. மலையாளம் தண்ணீராகப் பேசுவான், படிக்கத்தான் தெரியாது. எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் கோயம்புத்தூர். ஊருக்கு வந்தால் பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவான்.

உயில் பிரமாதமாக அமைந்தது. கோடுகளோடு ஒட்டிப் பார்த்தான். ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. தாளை எரிக்க நினைத்தான். ஏதாவது காரணத்தால் இரண்டாவது தரம் எழுத வேண்டி வந்தால்? பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்தான்.

மூன்று வாரம் கழித்துச் சூரியநெல்லி. ஆனந்தி உயிலைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"இது அப்பா 2010ல எழுதுனதாண்ணே?"

"கண்ணு தெரியலையாக்கும்? ஊதா மை. ஊரே சாட்சி சொல்லும். ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிரு. ஒம் புருசன் கட்டிலையும் தூக்கிக்க."

கட்டிலில் இருந்தவன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னான். ஆனந்தி அழவில்லை. எதுவானாலும் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு மனசு குளிர்ந்தது. காலி செய்ய வைக்க அவனுக்குமே போலீஸ் தேவைப்பட்டது.

மறுநாள் காலை பதினோரு மணி. மேஜைக்குப் பின்னால் புதிதாக ஒரு பெண் எஸ்.ஐ. பேச்சில் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்துக் கொங்கு வாடை. பெயர் சிவசங்கரி.

"வாங்க, உக்காருங்க. உயிலைக் குடுங்க, பாக்கலாம். அட, மை நல்லா இருக்குதுங்களே!"

"எங்கப்பா மை மேடம்."

சிவசங்கரி தலையசைத்தாள். ஆனந்தி காலடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு எழுதிய கடிதங்கள், தோட்டத்து நோட்டுகள், அனுப்பாமல் போன மனுக்கள். ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினாள்.

எல்லாம் நீலம்.

சுத்தமான, வெறும் நீலம். ஊதா பொட்டுக்கூட இல்லை!

"எழுதுறப்ப ஊதாவாத்தாண்ணே இருக்கும்," என்றாள் ஆனந்தி. "ரெண்டு வருசத்துல போயிரும். பெட்டியத் தொறக்குறப்பல்லாம் அப்பா சொல்லி வருத்தப்படுவாரு. நீ வந்திருந்தாத்தான தெரியும்?"

ஊருக்கும் தெரியாது. அரசாங்க ஆபீசுக்குப் போன மனு என்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது, அதன் நிறத்தைப் பார்க்க? ஊரில் மிஞ்சியது ஜெராக்ஸ்தான். ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு.

பாண்டீஸ்வரன் எழுந்தான். கான்ஸ்டபிள் டிஜோ தோளில் கை வைத்து உட்கார வைத்தான். மூன்று வாரம் முன்பு பாலக்காட்டிலிருந்து எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. கொலையான பேனாக் கடைக்காரரின் நோட்டில் ஒரு தாள் கிழிந்திருக்கிறது. முன்பக்கப் பட்டியலில் அந்த இடத்தில் 'நீலமயில் ஏழு' என்றிருக்கிறது. ஊதா மையில் எழுதிய புதுக் காகிதம் எங்கே வந்தாலும் சொல்லவும். இதெல்லாம் ஒரு தடயமா என்று டிஜோவே சிரித்தவன்தான். முந்தின நாள் ஆனந்தி வந்து புகார் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. உடனே பாலக்காட்டுக்குப் போன் போட்டான், ராத்திரியே சிவசங்கரி அங்கிருந்து கிளம்பி வந்தாள்.

உயிலோடு அவன் எடுத்து வந்த பையின் ஜிப்பை டிஜோ திறந்தான். தாள் வந்தது. சிவசங்கரி கொண்டுவந்திருந்த நோட்டின் கிழிசலில் அது அப்படியே பொருந்தியது.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே நிதானமாகத் தமிழில் சொன்னாள்.

"நீலமயில் ஏழு. அசல் சரக்கு. குறை, ரெண்டு வருஷத்துல ஊதா போயிடும், நீலந்தான் மிஞ்சும். கம்பெனி நிறுத்துனதே இதனாலதான். வாங்க வந்த தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் கொடுக்கணும்."

பாண்டீஸ்வரன் அந்தத் தாளையே பார்த்தான். அந்தக் கிழவர் சொல்ல வந்தது இதைத்தான். ஐந்து நிமிடம். ஒரு கிளாஸ் சாயா. அதைக் கேட்டிருந்தால் இந்த உயிலையே எழுதியிருக்க மாட்டான். பாதித் தோட்டம் பத்திரமாக இருந்திருக்கும். ரஜீனாவின் அத்தாவும் இருந்திருப்பார்.

டிஜோ விலங்கை எடுத்தான். கடைப்பையன் சாயா கொண்டுவந்து வைத்தான். சிவசங்கரி ஒரு கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதையாவது குடிங்க. மலையாளம் படிக்கத் தெரியலைன்னு கவலப்படாதீங்க. ஜெயில்ல சொல்லித் தருவாங்க. ஆயுள் முச்சூடும் கிளாசு இருக்குதுங்க."