பறவை அடையாத மரம்

ஏரித் தண்ணீருக்குள் நின்ற கடம்ப மரங்கள் அத்தனையும் பறவைகளால் வெளுத்துப் போயிருந்தன. ஒரு மரத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

லோகாம்பாள் கரைமேல் ஏறி நின்றதும் அதைத்தான் முதலில் பார்த்தாள். நாரைகள் அலகை அலகால் தட்டும் சத்தம் ஒரு தெரு முழுக்கத் தறி ஓடுவதுபோல இடைவிடாமல் எழும்பிக்கொண்டிருந்தது. எச்சமும் மீனும் ஊறிய இலையும் கலந்த வாடை காற்று திரும்பும்போதெல்லாம் முகத்தில் வந்து மோதியது. மேற்கே சாய்ந்த வெயிலில் கூட்டம் கூட்டமாக இறங்கிய பறவைகள் இடத்துக்குச் சண்டை போட்டன, ஒன்றை ஒன்று கொத்தித் தள்ளின. அவ்வளவு நெருக்கடியிலும் நடு ஏரியில் இருந்த அந்த மரம் பச்சையாக, காலியாக, சுத்தமாக நின்றது.

"ஏன் பெரியவரே, அந்த மரத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல?" என்று ஏரிக் காவலர் கலியனைக் கேட்டாள்.

"போன வருசம் கூடு கட்டிச்சும்மா. இந்த வருசம் வந்து வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது. இன்னான்னு புரியல." கரையின் மறுகோடியில் யாரோ டிரான்சிஸ்டரைச் சத்தமாக வைத்தார்கள். கலியன் அவர்களை அதட்டப் போய்விட்டார்.

அவளும் கணவன் சிட்டிபாபுவும் மட்டும் நின்றார்கள்.

சிட்டிபாபு சின்ன காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரி ஷரீஃப் பாயிடம் டிரைவராக இருந்தான். பாய் சூரத்துக்கு ஜரிகை எடுக்கப் போயிருந்தார். "வண்டி சும்மாதானே நிக்குது, வூட்டம்மாவை எங்கனா கூட்டிக்கினு போப்பா" என்று சாவியையும் தம்முடைய பைனாகுலரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பறவை பார்க்கப் போகலாம் என்று கல்யாணமான புதிதில் கேட்டவள் லோகாம்பாள். ஐந்து வருஷமாக அவனுக்கு நேரமில்லை. இன்றைக்கு இருந்தது. ஏனென்றால் டிக்கியில் அவளுடைய டிரங்குப் பெட்டி இருந்தது. இங்கிருந்து நேராக முசரவாக்கம். அங்கே அவளை அம்மா வீட்டில் இறக்கிவிட்டு அவன் தனியாகத் திரும்புவான்.

இரண்டாவது குழந்தையும் தங்காமல் போனபிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வூட்டுக்குள்ள வந்தா எழவு வூடு மாதிரி இருக்குது. இந்த மூஞ்சியைப் பாத்துக்கினு எத்தினி நாளிக்கி இருக்கறது?" என்று அவன் தன் அக்காவிடம் சொன்னது அடுப்படி வரை கேட்டது. பெட்டியை அவளேதான் அடுக்கினாள்.

உத்திரமேரூர் தாண்டி வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்து மரம் மரமாகத் திருப்பிக்கொண்டு வந்தான். அந்தக் காலி மரத்தில் வந்து நிறுத்தினான்.

வெகுநேரம் நிறுத்தினான்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவன் தாடை மெல்ல இளகுவது தெரிந்தது. உதட்டோரம் நெளிந்தது. பிறகு அவன் சிரித்தான். பெண் பார்க்க வந்த அன்று தாம்பாளத்துக்கு மேலாக அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. வருஷக் கணக்காக அதைப் பார்க்காததில், அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. பொறாமை.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணுமில்ல. கொக்கு."

"அதுல ஒரு கொக்கும் இல்லியே."

அவள் பைனாகுலருக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அவன் கண்ணாடியை இறக்காமலே தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டான். "ம்" என்றான். மறுபடி "ம்" என்றான். அவளிடம் பேசும் குரல் இல்லை அது. அவளிடம் முன்பு பேசிய குரல்.

லோகாம்பாள் அவன் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினாள்.

கலங்கிய வட்டத்துக்குள் தண்ணீர் ஆடியது, இலை ஆடியது. பிறகு தெளிந்தது. கிளை பிரியும் இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் புடவை. முழங்கால்களை மடித்து மார்போடு ஒட்டி, அந்தச் சின்னக் கவட்டில் எப்படியோ அடங்கி, அசையாமல் இருந்தாள். நனைந்த கூந்தல் முதுகில் ஒட்டியிருந்தது. கூந்தலில் புதுப் பூ.

கண்ணாடியை இறக்கினாள். மரம் காலியாக இருந்தது.

"பாத்தியா?" சிட்டிபாபுவுக்கு மூச்சு வாங்கியது. "நீயும் பாத்தியா?"

"யாரு அது? யாருங்க அது?"

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சத்தம் நின்றிருப்பதை அவள் உணர்ந்தாள். அலகுத் தட்டல் இல்லை. சிறகடிப்பு இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகள் கிளைகளில் அப்படியே இருந்தன, எல்லாம் அந்த மரத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு.

சிட்டிபாபு கரைச்சரிவில் இறங்கினான். முழங்காலளவு. தொடையளவு. வேட்டி குமிழாகத் தண்ணீர்மேல் உப்பியது. கைகளை விரித்து, சந்தோஷமாக, குழந்தை நடை பழகுவதுபோல நடந்தான்.

கூப்பிட வாயைத் திறந்தாள். மூடினாள். போகட்டும் என்று தோன்றியது. அக்காவிடம் சொன்ன அந்த வாயோடு போகட்டும். பெட்டியோடு முசரவாக்கம் தெருவில் இறங்கி, பார்ப்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. மார்பளவு நீரில் அவன் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்டை திறந்தது.

"ஐயோ! போவாதீங்க! ஏங்க, வந்துடுங்க!"

அவன் திரும்பவில்லை. தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து, கரைக்கு வராமலே அடங்கியது.

"பெரியவரே! ஓடியாங்க!"

தூரத்தில் கலியன் ஓடிவருவது தெரிந்தது. கரை நீளமாக இருந்தது. கண்ணாடியை மறுபடி கண்ணில் வைத்தாள். வைத்திருக்கக் கூடாது.

அவன் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். வேட்டியிலிருந்து நீர் சொட்டியது. மேலே இருந்த பெண் அவனுக்குக் கை கொடுத்தாள். அந்தப் பெண் திரும்பினாள்.

லோகாம்பாளின் முகம்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய முகம். கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. கன்னத்தில் சதை இருந்தது. கட்டியிருந்தது அவளுடைய முகூர்த்தப் புடவை. அது டிக்கியில், பெட்டிக்குள், அவளே மடித்து வைத்தபடி இருக்கிறது. அந்த முகம் சிரித்தது. அவளால் முடியாமல் போன அத்தனை சிரிப்பும் அதில் இருந்தது.

"எங்கம்மா? எந்தப் பக்கம் எறங்கினாரு?" கலியன் வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சட்டையைக் கழற்றினார்கள்.

அவள் அந்த மரத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"அங்க யாருமில்லியேம்மா."

கண்ணாடியை எடுத்தால் யாருமில்லை. வெறும் மரம், வெறும் தண்ணீர். வைத்தால் இருந்தார்கள்.

தண்ணீரில் யாரோ குதிக்கும் சத்தம். வேறெங்கோ. தப்பான இடத்தில்.

சிட்டிபாபு அந்தக் கவட்டில் மண்டி போட்டிருந்தான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்திருந்தான். அவை இறகு முளைக்காத குஞ்சின் சிறகுபோல வெடவெடவென்று அடித்தன. தலையை அண்ணாந்து வாயை அகலமாகத் திறந்தான். இன்னும் அகலமாக. மனிதத் தாடை அவ்வளவு திறக்காது.

மரத்திலிருந்தவள் குனிந்தாள். கழுத்து ஒருமுறை உப்பியது. அடிவயிற்றிலிருந்து எதையோ மேலே கொண்டுவந்தாள். தன் வாயை அவன் வாய்க்குள் முழுதாக நுழைத்தாள்.

அவன் தொண்டைக்குள் பெரிதாக ஒன்று வழுக்கி இறங்கியது.

அவள் நிமிர்ந்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு நேராகக் கரையைப் பார்த்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் வேண்டுமென்று, வாயைத் திறந்தபடியே இருந்தான்.