ஓட ஓடச் சரியாகிவிடும்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

புந்தோங்கில் லூயிஸின் டீசல் பட்டறையில் டெலிபோன் அலறியது.

லூயிஸ் கையெல்லாம் கிரீஸ். அவன் மனைவி எல்ஸிதான் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள். கேட்டாள். முகம் வெளிறிப் போனது.

"என்னங்க... சன்னாசி அண்ணன் செத்துட்டாராம்!"

"எந்தச் சன்னாசி?"

"டாக்சி சன்னாசிங்க! லகாட்டுல பழைய ஈயச் சுரங்கக் குட்டையில பொணமா மெதந்தாராம். மண்டையில அடியாம். பிச்சைமுத்து அண்ணனப் புடிச்சு போலீஸ் பாலாய்ல, லாக்கப்புல வச்சிருக்காங்களாம்!"

லூயிஸின் கையிலிருந்த ஸ்பேனர் 'ணங்' என்று தரையில் விழுந்தது.

பிச்சைமுத்துவா? கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் ஆயிற்றே! லூயிஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவனும் அவன்தான்.

"அவன எதுக்குப் புடிச்சாங்க?"

"தெரியலங்க. இன்ஸ்பெக்டரு இங்கதான் வாராராம். ஐயாவு அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாராராம். திங்கக்கெழம ஐயாவு அண்ணன் காருக்கு நோசல் மாத்துனீங்கல்ல... அதப் பத்திக் கேக்கணுமாம்."

லூயிஸ் அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

காரணம் இருந்தது. வெட்கக்கேடான காரணம்!

டாக்சி ஓட்டுகிற ஐயாவுவின் கறுப்பு மெர்சிடிஸ் ஒரு கிழட்டு டீசல் கார். கிளப்பினாலே 'டக்டக்டக்' என்று தட்டும். கரும்புகை தள்ளும். இன்ஜெக்டரின் நுனியில் டீசலைத் தூவுகிற நோசல் தேய்ந்துவிட்டால் அப்படித்தான். ஐயாவு ஈப்போ டவுனில் நாலு புது நோசல் வாங்கிவந்து, மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

லூயிஸ் என்ன செய்தான் தெரியுமா?

"எல்ஸி, பழைய நோசலையே கழுவித் தொடச்சு உள்ள போட்டுக் குடு" என்றான்.

பட்டறையில் இன்ஜெக்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவது எல்ஸியின் வேலை. அதைக் காரில் பொருத்துவது அவன் வேலை. புது நோசல்களை டப்பாவோடு அலமாரியில் ஒளித்து வைக்கச் சொன்னான். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், இதே மாதிரி கார் இருந்தது. அவனிடம் தள்ளிவிடலாமே!

கழற்றிய சாமானைக் காரின் சொந்தக்காரன் கையில் கொடுத்தால்தான் புதுசு போட்டதாக அர்த்தம். அது பட்டறை வழக்கம். லூயிஸ் அதற்கும் வழி பார்த்து வைத்திருந்தான். குப்பைத் தகரத்தில் கிடந்த வேறு ஏதோ நாலு நோசலைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

காரைக் கிளப்பினான். பழையபடியே தட்டியது!

"என்ன மச்சான், இன்னும் தட்டுதே?" என்றான் ஐயாவு.

"புது நோசல் அண்ணே... ஓட ஓடச் சரியாயிரும்."

சொன்னபோது அவனுக்கு நாக்கு கூசவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் காணிக்கைப் பை ஏந்துகிற கையை அவன் பார்க்கவே பிடிக்காமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"என்னங்க... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் எல்ஸி.

"ஒண்ணும் பேசாத! என் மூஞ்சிய நானே பாக்க முடியல."

"இல்லங்க... அந்த நோசலு..."

"அந்தப் பேச்ச எடுக்காதன்னு சொல்றேன்ல!"

அவள் இன்ஜெக்டர் கழுவும் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

டக்டக்டக்டக்!

போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதுவும் டீசல். அதுவும் தட்டியது!

இன்ஸ்பெக்டர் பெரியநாயகம் காதைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். கூடவே ஒரு கான்ஸ்டபிள். பின்னால் ஐயாவு... வெள்ளைச் சட்டையும் துக்க முகமுமாக.

"லூயிஸ்தானே? வேல முடிஞ்சதும் இந்த ஜீப்பையும் ஒரு பார்வ பாருங்க. காது போவுது லா."

"பாக்குறேன் சார்..."

"விஷயத்துக்கு வாரேன். செவ்வாக்கெழம மத்தியானம் சன்னாசிய எவனோ அடிச்சுக் குட்டையில தள்ளியிருக்கான். அந்த நேரம் ராக்காயின்னு ஒரு அம்மா, கீழ ஓடையில டூலாங் தட்டுல ஈயம் அலசிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு கறுப்பு மெர்சிடிஸ் மேடேறிப் போனதப் பாத்திருக்கு. நம்பர் தெரியல. ஆனா, 'டக்டக்குனு தட்டிக்கிட்டு, பொக தள்ளிக்கிட்டுப் போச்சு'ன்னு அடிச்சுச் சொல்லுது!"



"புந்தோங்குல கறுப்பு மெர்சிடிஸ் ரெண்டு. ஒண்ணு பிச்சைமுத்துது. அது தட்டும். டாக்சி ஸ்டாண்டுல சன்னாசியோட அவன் சண்ட போட்டதுக்கும் சாட்சி இருக்கு. இன்னொண்ணு இவருது..."

"என் காரு தட்டாது சார்!" ஐயாவு முந்திக்கொண்டான். கையிலிருந்த துணி முடிச்சை மேசை மேல் அவிழ்த்தான். "திங்கக்கெழமையே நோசல் மாத்தியாச்சு. கழட்டுன பழசு இதோ! அதுவுமில்லாம செவ்வாக்கெழம என் காரு வீட்ட விட்டே நகரல. பேட்டரி செத்துக் கெடக்கு. சொல்லு மச்சான்... மாத்துனியா இல்லியா?"

"காரக் கிளப்பிப் பாக்க வேற பேட்டரிக்கு ஆள் அனுப்பியிருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு முன்ன உங்க வாயால கேக்கணும் லூயிஸ். மாத்துனீங்களா?"

பட்டறை வாசலில் தெருவே கூடிவிட்டது. அதில் பாதிப் பேர் கோயில் ஆட்கள்!

'மாத்தினேன்' என்று ஒரு சொல். சொன்னால் மானம் தப்பும். பிச்சைமுத்து தூக்குக் கயிற்றில் தொங்குவான்!

'மாத்தல' என்றால்... இந்தத் தெருவில் இனி எந்த முகத்தோடு நடப்பது?

லூயிஸ் எல்ஸியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தல சார்!"

"என்னது?"

"இந்த நாலும் என் குப்பத் தகரத்துல கெடந்தது. இவரு காருல இப்பவும் இருக்கிறது பழைய நோசல்தான். புதுச நான் ஒளிச்சு வச்சுட்டேன். திங்கக்கெழம இங்கேருந்து போறப்பவே காரு தட்டுச்சு. செவ்வாக்கெழமையும் தட்டியிருக்கும். நான்... நான் திருடிட்டேன் சார்!"

"அட, கோயில்ல பை புடிக்கிற ஆளு!" வாசலில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

லூயிஸ் தலையைக் குனிந்துகொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஐயாவுவின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பாவம், செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்த ஆத்திரம்!

"அடப்பாவி!" பாய்ந்து லூயிஸின் சட்டையைப் பிடித்தான். "ஓட ஓடச் சரியாயிரும்னு சொன்னியேடா! லகாட் வரைக்கும் ஓட்டுனேனே... சரியாச்சா? மேட்டுல ஏறயில ஊரையே கூப்புட்டுச்சேடா அது!"

சட்டென்று நிறுத்தினான்.



இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"எப்ப ஓட்டுனீங்க ஐயாவு?"

"அது... வந்து சார்... சும்மா..."

"திங்கக்கெழம இங்கேருந்து வீட்டுக்குப் போனீங்க. செவ்வாக்கெழம பேட்டரி செத்துப் போச்சு. நடுவுல லகாட் எங்க வந்துச்சு?"

ஐயாவு வாசலைப் பார்த்தான். கூட்டம் வழிவிடவில்லை. கான்ஸ்டபிள் தோளில் கை வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டாக்சி பெர்மிட்டு சன்னாசி பேர்ல இருந்துச்சு சார்... அதுலதான் என் காரு ஓடுச்சு... அத வேற ஆளுக்குக் குடுக்கப் போறேன்னான்... காருதான் எனக்குப் பொழப்பு... ஜாக்கிக் கம்பிய எடுத்துட்டேன்..."

விலங்கு 'க்ளிக்' என்றது.

"லூயிஸ், அந்தப் புது நோசல எடுங்க. சாட்சிக்கு வேணும்."

லூயிஸ் அலமாரியைத் திறந்தான். டப்பாவை எடுத்தான். கூனிக் குறுகி, மேசை மேல் கவிழ்த்தான்.

உருண்டு விழுந்தவை...

கரி பிடித்துக் கறுத்துப்போன நாலு கிழட்டு நோசல்கள்!

"எல்ஸி! என்ன இது?"

"ஐயாவு அண்ணன் காருல இருந்த பழசுங்க. இதத்தான் சொல்ல வந்தேன்... சொல்ல விட்டீங்களா? அடுத்தவங்க சாமான எடுத்து வைக்க எனக்குக் கை வரல. புதுசையே உள்ள போட்டுப் பூட்டிட்டேன். இன்ஜெக்டரோட வெளிக்கூடு பழசுதானே... உங்களுக்கு அடையாளம் தெரியல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"புது நோசலா? அப்புறம் ஏன்யா தட்டுச்சு?"

லூயிஸ் யோசித்தான். முகம் இன்னொரு தடவை செத்தது.

"பழசுதானேன்னு அலட்சியமா இருந்துட்டேன் சார். டீசல் வர்ற குழாய் வாயக் கழுவல. நூலு உதிர்ற பழந்துணியால தொடச்சு மாட்டிட்டேன். தூசியோ நூலோ உள்ள போயி, நோசல் நுனியில சிக்கியிருக்கும்..."

"ஆக, காருல திருட்டு இல்லங்க" என்றாள் எல்ஸி. "வேலதான் சரியில்ல!"

கூட்டம் சிரித்தது. திருடன் என்று தலைகுனிந்தவன் இப்போது மெக்கானிக் என்று தலைகுனிந்தான். இரண்டாவதுதான் அதிகமாகச் சுட்டது. ஆனாலும் பிச்சைமுத்து இன்றைக்கு வீட்டில் சாப்பிடுவான். அதை நினைத்ததும் லூயிஸுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் பக்கம் போனான்.

"சார்... உங்க ஜீப்பு தட்டுதுன்னு சொன்னீங்களே. இந்தத் தடவ குழாயெல்லாம் நல்லாக் கழுவி..."

இன்ஸ்பெக்டர் ஒரே தாவில் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"தட்டட்டும் லா! ஓட ஓடச் சரியாயிரும்!"