கலைந்த டீமில் ஒரு கொலை

ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் எங்கேயும் போகவில்லை...

இரண்டு உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, கரண்டில் செருகி, சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுற்றவிட்டுச் சோதிக்கும் மேடை அது. இரவு முழுக்க அப்படி ஓடவிடுவது அங்கே வழக்கம். அதன் பக்கத்தில் ஒருவர் தரையில் குப்புறக் கிடப்பதுதான் வழக்கமில்லை.

சுந்தரராமன்.

தருணா மோட்டார்ஸின் குவாலிட்டி டிபார்ட்மென்ட் தலைவர். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்துப்போயிருந்தது.

காலையில் முதல் ஆளாக லேபுக்குள் நுழைந்த ஜூலியாவின் கையிலிருந்து டிபன் டப்பா நழுவி விழுந்தது.

"சார்...?"

சார் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

ஜூலியா அலறவில்லை. ஓடினாள். காரிடாருக்கு எதிர்ப்பக்கம் டிசைன் டிபார்ட்மென்ட்டின் கண்ணாடிக் கதவு. கழுத்தில் தொங்கிய கார்டை எடுத்து அதன் மேல் அறைந்தாள். பச்சை விளக்கு. கதவு திறந்தது. உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த வனஜாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வனஜா... சுந்தரராமன் சார்... லேப்ல... போலீஸைக் கூப்பிடுடி!"

போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் ரங்கா. வீட்டில் பேசுவது கன்னடம். ஆனால் பெங்களூர் மர்பி டவுன் தெருவில் கோலி விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. முதல் வேலையாக ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். நட்டு முடுக்கும் நீளமான ஸ்பேனர் ஒன்று துடைத்த நிலையில் மேஜைக்கடியில் கிடைத்தது. கைரேகை? பூஜ்யம்.

அடுத்து கதவைப் பற்றி விசாரித்தார்.

செக்யூரிட்டி ஆபீசர் விறைப்பாக நின்று ஒப்பித்தார். டிசைன், புரொடக்ஷன், சேல்ஸ், குவாலிட்டி... ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் தனிக் கதவு. அவரவர் கார்டுக்கு அவரவர் கதவு மட்டுமே திறக்கும். நேற்று குவாலிட்டி ஆட்கள் எல்லோரும் ஓசூர் ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியது சுந்தரராமனும் ஜூலியாவும்தான்.

யார் எப்போது கார்டைத் தேய்த்தார்கள் என்று பதிவு செய்யும் பெட்டி? ரிப்பேர். அதைச் சரிசெய்வது ஐ.டி.யின் செலவா, அட்மினின் செலவா என்ற சண்டை ஓயாமல் பல மாதமாக அது தூங்கிக்கொண்டிருந்தது. காரிடார் கேமராவுக்கும் அதே கதி.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்தாச்சு." ரங்கா ஜூலியாவைப் பார்த்தார். "மிச்சம் நீதாம்மா."

இன்னொரு விஷயமும் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது. இந்த வாரம் கம்பெனியில் புது ஏற்பாடு ஒன்றை அறிவித்திருந்தார்கள். குவாலிட்டி இனிமேல் தனி டிபார்ட்மென்ட் இல்லை. புரொடக்ஷனுக்குக் கீழே போகிறது. சுந்தரராமன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. நேற்று மதியம் கேன்டீனில், அத்தனை பேர் முன்னால், ஜூலியா அவரைப் பார்த்துக் கத்தியிருந்தாள்.

'எங்களை வித்துட்டீங்க சார்' என்று.

*

ஹெச்.ஆர். அறை.

வாசலில் ஒரு பெண் கான்ஸ்டபிள். உள்ளே ஹெச்.ஆர். தலைவி பார்கவி ஒரு தாளை மேஜையில் நகர்த்தினாள். ராஜினாமாக் கடிதம். ஜூலியாவின் பெயர்கூட டைப் அடித்துத் தயாராக இருந்தது. பிணத்தை வண்டியில் ஏற்றுவதற்குள் கடிதம் ரெடி. ஹெச்.ஆர். சுறுசுறுப்பை மெச்சத்தான் வேண்டும்.

"சைன் பண்ணிடு ஜூலியா. கம்பெனி பேர் வெளியில வராம இருந்தா, உனக்கு நல்ல லாயரா பார்த்துக் கொடுப்போம்."

"நான் ஏன் ரிசைன் பண்ணணும் மேடம்?"

"இது உங்க டிபார்ட்மென்ட் விஷயம். மத்த டிபார்ட்மென்ட்டை ஏன் இழுக்கணும்?"

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு தண்ணீர் டம்ளர் ஜூலியாவின் பக்கம் நீண்டது. புரொடக்ஷன் தலைவர் சந்தானம். நரைத்த மீசை, பஞ்சு போன்ற குரல். கம்பெனியில் யார் அழுதாலும் முதலில் கர்ச்சீப் நீட்டுகிற மனிதர்.

"குடிம்மா. கோவத்துல ஒரு நிமிஷம் கை நீண்டிருக்கும். வேணும்னு செஞ்சிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். போலீஸ்கிட்ட அப்படியே சொல்லிடு."

ஜூலியா டம்ளரைத் தொடவில்லை.

"சார், நேத்து சாயந்திரம் நான் கிளம்பறப்போ அவரே என்னைக் கூப்பிட்டார். 'சமைச்சவன் கையிலயே மார்க் போடற வேலையைக் கொடுக்கக் கூடாது ஜூலியா, கையெழுத்துப் போட மாட்டேன்னு நாளைக்கு எம்.டி.கிட்ட சொல்லப்போறேன்'னார். அப்படிப்பட்ட மனுஷனை நான் ஏன் கொல்லணும்?"

"அதை வேற யாராவது கேட்டாங்களா?" என்றாள் பார்கவி.

"இல்ல."

"அப்போ?"

அப்போதுதான் ஜூலியாவின் செல்போன் அடித்தது. காக்ஸ் டவுனிலிருந்து அம்மா. விஷயம் எப்படியோ டி.வி.க்குப் போய், டி.வி.யிலிருந்து வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தாள் ஜூலியா. அம்மா அழவில்லை.

"நீ செய்யலதானே?"

"இல்லம்மா."

"அப்போ எதுலயாவது கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுப் பக்கம் வந்துடாதே."

டொக். வைத்துவிட்டாள்.

ஜூலியா தாளைப் பார்த்தாள். அதை நாலாக மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். தாளை மடித்த விரல்கள் கழுத்திலிருந்த கார்டில் பட்டன.

விரல்கள் அப்படியே நின்றன.

காலையில் இந்தக் கார்டைத்தானே டிசைன் கதவில் அறைந்தேன்...?

குவாலிட்டி கார்டு. டிசைன் கதவு.

எப்படித் திறந்தது?

எழுந்தாள். "இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க."

*

ரங்கா காரிடாரில் நின்று கேட்டார். ஜூலியா மூச்சுவிடாமல் சொன்னாள்.

போன வருடம் புது ஸ்கூட்டரைக் கொண்டுவர கம்பெனி ஒரு கலப்பு டீம் அமைத்தது. டிபார்ட்மென்ட்டுக்கு ஒருவர். டிசைனிலிருந்து வனஜா, சேல்ஸிலிருந்து ஹரிஷ்குமார், புரொடக்ஷனிலிருந்து சந்தானம், குவாலிட்டியிலிருந்து ஜூலியா. பெயர் அக்னி டீம். அந்த நாலு பேர் கார்டுக்கு மட்டும் எல்லா டிபார்ட்மென்ட் கதவையும் திறந்துவிட்டார்கள். ஸ்கூட்டர் வந்தது, கேக் வெட்டினார்கள், டீமைக் கலைத்தார்கள், அவரவர் டிபார்ட்மென்ட்டுக்கே திரும்பிவிட்டார்கள். கார்டுகளும் பழையபடி ஆகிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஆனா அதை யாரும் கேன்சல் பண்ணல சார். என் கார்டுக்கு டிசைன் கதவு இன்னிக்கும் திறக்குது. அப்போ மத்த மூணு பேருக்கும் எங்க லேப் திறக்கும்."

ரங்கா பார்கவியின் பக்கம் திரும்பினார். "யார் மேடம் கேன்சல் பண்ணணும்?"

"அது ஐ.டி. வேலை... ஆனா அட்மின் எழுதிக் கொடுத்தாத்தான் ஐ.டி. செய்யும்."

"அட்மினுக்கு யார் சொல்லணும்?"

பார்கவி தரையைப் பார்த்தாள். "நாங்கதான்."

"நல்லா நடத்தறீங்க கம்பெனி," என்றார் ரங்கா. "மூணு பேரையும் வரச் சொல்லுங்க."

லேப் வாசல்.

வனஜா முதலில். கார்டை வைத்தாள்.

பச்சை!

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது சார்..."

அடுத்து ஹரிஷ்குமார். தான் சேல்ஸ் என்றும், இந்த லேபின் வாசனையே தனக்கு ஆகாது என்றும் புலம்பிக்கொண்டே கார்டை நீட்டினான்.

பச்சை!

புலம்பல் நின்றது.

கடைசியாகச் சந்தானம். அவசரமில்லாமல் வந்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், கார்டை வைத்தார்.

சிவப்பு.

மறுபடியும் வைத்தார்.

சிவப்பு...

ஜூலியாவுக்குள் ஏதோ சரிந்தது. வனஜா அவள் சினேகிதி. வனஜாவையா மாட்டிவிட்டோம்?

"டீம் கலைஞ்ச அன்னிக்கே என்னோடது கேன்சல் ஆயிடுச்சு போல," என்றார் சந்தானம், அதே பஞ்சுக் குரலில். "இவங்க ரெண்டு பேரையும் விசாரிங்க சார். பாவம், சின்னப் பசங்க... பார்த்து."

ரங்கா தலையாட்டினார். வனஜாவையும் ஹரிஷையும் ஓரமாக நிற்கச் சொல்லிக் கான்ஸ்டபிளுக்குக் கைகாட்டினார்.

"ஒந்து நிமிஷா சார்."

ஜூலியாவின் குரல். ஒரு நிமிடம் பொறுக்கும்படி அவருடைய கன்னடத்திலேயே கேட்டாள்.

"என்னம்மா?"

"இவங்களை விடுங்க. அவரைப் பிடிங்க."

"அவர் கார்டுக்குத்தான் கதவே திறக்கலையே!"

"அதனாலதான் சார்."

ஜூலியா சந்தானத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளைவிட ஒரு முழம் உயரம் அவர். அவள் அண்ணாந்து பார்த்தாள், கண்ணை விலக்கவில்லை.

"இந்தக் கம்பெனியில ஒரு டியூப்லைட் மாத்தணும்னாலே மூணு டிபார்ட்மென்ட் சம்மதிக்கணும். டீம் கலைஞ்சு இத்தனை மாசம் ஆச்சு. என் கார்டு கேன்சல் ஆகல, வனஜாவோடது ஆகல, ஹரிஷோடது ஆகல. உங்களோடது மட்டும் எப்படி சார் ஆச்சு? இன்னும் திறக்குதுன்னு எங்க யாருக்குமே தெரியாது. தெரிஞ்ச ஒருத்தருக்குத்தான் அதை மூடணும்னு தோணும். ராத்திரி திறந்தவருக்குத்தான் தெரியும்."

"இந்தப் பொண்ணு உளறுது," என்றார் சந்தானம். பஞ்சில் ஒரு முள் தட்டுப்பட்டது.

"ஐ.டி.ல தனக்கோடின்னு ஒருத்தர் சார். அவரைக் கேளுங்க."

தனக்கோடியைக் கூட்டி வந்தார்கள். காலை ஷிப்டில் தனி ஆளாக ஐ.டி.யைப் பார்த்துக்கொள்பவன். சந்தானத்தைப் பார்த்ததும் வணக்கம் வைத்தான். கேட்டதும் மறைக்காமல் சொன்னான். ஆபீஸ் திறந்த உடனே, ஜூலியா லேபுக்குள் போவதற்கு முன்பே, சந்தானம் தன்னிடம் வந்தார். அட்மின் கடிதம் இல்லாமல் முடியாது என்று தான் சொல்லியும் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று கேன்சல் செய்யவைத்துவிட்டுத்தான் போனார்.

ரங்காவுக்கு ரத்தம் கொதித்தது. "இவ்வளவு நேரம் வாயில என்னய்யா வெச்சிருந்தே?"

"நீங்க செக்யூரிட்டியைத்தானே சார் விசாரிச்சீங்க? கதவு அவங்க டிபார்ட்மென்ட். ஐ.டி.யை யாரும் கேக்கலையே."

சந்தானம் நகரப் பார்த்தார். ரங்காவின் கை அவர் தோளில் விழுந்தது. பஞ்சுக் குரல் இப்போது கிழிந்துபோயிருந்தது.

"பேசத்தான் சார் போனேன்... ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா ரெண்டு டிபார்ட்மென்ட்டும் என் கையில. கெஞ்சினேன். 'உன் வண்டிக்கு நீயே பாஸ் போட்டுக்கப் பார்க்கிறியா'ன்னு சிரிச்சான். முகத்துக்கு நேரா சிரிச்சான்..."

"ஆயித்து. நடீரி," என்று லிப்ட் பக்கம் நடக்கச் சொன்னார் ரங்கா.

லிப்ட் அவர்களை விழுங்கியது. வனஜா ஓடிவந்து ஜூலியாவைக் கட்டிக்கொண்டாள். ஜூலியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நின்றுபோன ஸ்கூட்டரைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, வாய்விட்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எம்.டி. அறை இருக்கும் மாடிப்படியை நோக்கி நடந்தாள். சுந்தரராமன் இன்று காலை சொல்ல இருந்த 'முடியாது'வை யாராவது சொல்லியாக வேண்டும்.

பின்னாலேயே பார்கவி ஓடிவந்தாள். ரொம்பவும் பணிவாக.

"ஜூலியா... அந்த ராஜினாமா பேப்பரைக் கொடுத்துடேன். கிழிச்சுப் போட்டுடறேன்."

ஜூலியா படியில் நின்று திரும்பினாள். பாக்கெட்டைத் தட்டிக் காட்டினாள்.

"தரேன் மேடம். கிழிக்கிறதுக்கு மூணு டிபார்ட்மென்ட் அப்ரூவல் வாங்கிட்டு வாங்க!"