கடலில் விடாத விளக்கு

அன்று மூன்று மணிக்கே வரச் சொல்லியிருந்தாள் சிஞ்ஞோரா ஒகுதா. ஓவியரான புருசனோடு இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து, அவர் செத்த பிறகும் இங்கேயே தங்கிவிட்ட ஜப்பான்காரி. போர்கோ வெக்கியோ என்ற சந்தைப் பகுதியில் அவளுடைய பழைய வீடு. 1997 ஆகஸ்ட். அனல் காற்றில் சந்தெல்லாம் மீன் நாற்றம். எனக்குச் சம்பளம் வீடு கூட்டித் துடைக்கத்தான், தெருவில் விளக்குக் கட்ட அல்ல. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கட்டினேன். இந்த நாட்டில் இருக்க விடும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அவளுடைய கையெழுத்து வேண்டுமே.

அவர்கள் நாட்டில் கோடையில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். அவர்களை வரவேற்றுத் தெருவில் ஆடுவார்களாம். அவளுடைய ஊரில் ஆடுகிறவர்கள் கறுப்புத் துணியால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விடுவார்கள். உயிரோடு இருப்பவர் யார், வந்தவர் யார் என்று தெரியக்கூடாதாம். இங்கே ஆட வந்த அவளுடைய சிநேகிதர் ஒன்பது பேருக்கும் முகத்துணி தைத்தது நான்தான். ஆட்டம் முடிந்ததும் காகித விளக்குகளைக் கடலில் விட வேண்டும், அப்போதுதான் வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாதே என்று இரண்டு தரம் சொன்னாள்.

எனக்கு ஆட்டம் பார்க்கிற மனநிலையா? யாழ்ப்பாணத்தில் என் மனுசனை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பதினான்கு மாதம். இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்று தினமும் கண்ணாடி முன் அந்தரப்பட்டேன். ஓரிடத்தில் இருக்க முடியாது, படுக்க முடியாது.

பொழுது சாயக் கசெட்டில் மேளம் கேட்டது. வட்டமாகச் சுற்றினார்கள். இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே, ஒரு கைதட்டு. சுவரோரம் நின்று சும்மா எண்ணினேன்.

பத்துப் பேர்.

மறுபடியும் எண்ணினேன்.

பத்து.

கடைசி ஆள் நல்ல உயரம். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். சைக்கிளில் விழுந்து முறிந்த கால் அது. பதினொரு வருசம் பக்கத்தில் நடந்த எனக்கு அந்த நடை தெரியாதா? என்னைத் தாண்டும்போது ஈர மண் மணத்தது.

மனுசன் செத்துப்போனார்.

"என்னப்பா, வந்திட்டீங்களோ?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் நின்றார். தலையை ஆட்டினார்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் துணியை அவிழ்த்துச் சிரித்தார்கள். ஒன்பது முகம். அவர் இல்லை.

விளக்குகளை நானே துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். மற்றவற்றைக் கடலில் விட்டு, ஒன்றை மட்டும் அணைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு காலம் காத்திருந்தவள் எப்படி விடுவேன்? அவர் போகக்கூடாது, அவ்வளவுதான்.

என் ஒற்றை அறையின் மூலையில் அதை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால், கட்டிலின் மறுபக்கம் ஆள் படுத்ததுபோல் பதிந்திருந்தது. சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று நாள் பக்கத்தில் படுத்து, மனதில் இருந்ததெல்லாம் சொன்னேன். அழுதழுது பொட்டை அழித்தேன்.

நான்காம் நாள் விடியத் தொலைபேசி அடித்தது.

"குகா, நான்தான் கதைக்கிறன். கொழும்பிலை நிக்கிறன். நேற்றுத்தான் ஆமி மறியலாலை வெளியிலை விட்டவங்கள்."

அவருடைய குரல். அதே கரகரப்பு. அம்மா எப்படி, சாப்பிட்டீர்களா, அடித்தார்களா என்று என்னவெல்லாமோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் அழுதுகொண்டே பதில் சொன்னார். என் மனுசன் உயிரோடு இருக்கிறார்!

அப்படியானால் கட்டிலில்?

திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அவர் திடீரென்று கதைப்பதை நிறுத்தினார்.

"பக்கத்திலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லையப்பா."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவருக்கு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லாதை. ஒரு ஆம்பிளை உன்னைக் குகா எண்டு கூப்பிடுறான். வந்து படு எண்டு சொல்லுறான்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். கட்டிலில் யாரோ எனக்கு இடம் விட்டுத் தள்ளிப் படுக்கிற சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.