ஊசி வேண்டாம் என்றவள்

வலி என்றால் எனக்குப் பயம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. விரலில் முள் ஏறினால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறவள் நான். வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த நாளிலிருந்து கிளினிக்கில் நான் ஓயாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிரசவத்துல வலிக்கு ஊசி போடுவீங்களா, மாட்டீங்களா?" போடுவோம், பெத்தடின் என்று ஒரு மருந்து இருக்கிறது, வலி அடியோடு போகாவிட்டாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றாள் அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாதங்களைத் தள்ளினேன்.

என் மாமியார் அழகம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த கையோடு ஆரம்பித்துவிடுவார்.

"நாங்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்? எங்க லயத்து வெள்ளையம்மா இருந்தாளே, மிஸ்ஸி ஊசிய எடுத்துக்கிட்டு முன்னுக்கு வந்து நின்னப்பவும் வேணாம்னு சொன்னவ. அவ ரோசக்காரி!"

"புள்ள வெளிய வராமலே செத்துத்தானே போனாங்க மாமி?"

மாமி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்கு வலி கண்டது ஒரு மழைநாள் மத்தியானம். என் புருஷன் அஜந்தன் தன்னுடைய ஆட்டோவிலேயே என்னையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்குக் கிளம்பினான். நிவித்திகல தாண்டியதும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. அந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கம், இந்தப் பக்கத்து வண்டி இந்தப் பக்கம். அஜந்தன் ஆட்டோவைத் திருப்பி, றப்பர் மரங்களுக்கு நடுவே ஏறுகிற பாதையில் விட்டான். மேலே பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போது அது அரசாங்கத்தின் கையில்.

"அங்கயா?" என்றார் மாமி.

"வேற எங்கம்மா போறது?"

மாமி முந்தானை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பகல்தான். ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் விளக்குப் போட்டால்தான் ஆள் தெரியும் போலிருந்தது. கரண்டும் இல்லை. நனைந்த சுண்ணாம்பு வாசமும் டெட்டோல் வாசமும் சேர்ந்து குமட்டின. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. டொக்டர் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாராம். இருந்தது ஒரே ஒரு மிஸ்ஸி, பெயர் மல்காந்தி. தமிழ் துளிகூடத் தெரியாது. அதனால் எனக்கொன்றும் கஷ்டமில்லை. நான் டவுனில் மக்கீன் முதலாளியின் துணிக்கடையில் வருஷக்கணக்காகச் சிங்களத்தில் சேலை விற்றவள். கட்டிலில் ஏறுவதற்கு முன்பே ஊசியைக் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். டொக்டரிடம் போனில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். அஜந்தனை வெளியே நிறுத்திவிட்டு மாமியை மட்டும் என்னோடு இருக்க விட்டாள்.

அறையில் இரண்டு கட்டில்கள். நடுவே ஒரு பச்சைத் துணி மறைப்பு.

வலி இடுப்பைப் பிடித்து முறுக்கிவிட்டு இறங்கியது. நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் முனகினாள்.

"எப்பா… எப்பா…"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்மைப் போல ஒருத்தி, அதுவும் நம்முடைய ஆள். வலிப்பவளுக்கு வலிப்பவள்தானே துணை! பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொன்னேன்.

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கங்க. மிஸ்ஸி ஊசி எடுக்கப் போயிருக்கு. ஒங்களுக்கும் போடச் சொல்றேன்."

முனகல் சட்டென்று நின்றது. மழைச் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. என் காதோரத்தில்.

"எனக்கா?"

"ஆமாக்கா, ஒங்களுக்குத்தான்."

மாமி என் தோளை உலுக்கினார். "யாருகிட்ட புள்ள பேசுற?"

"அந்தா, அந்தக் கட்டில்ல இருக்கிறவங்ககிட்ட."

மாமி மறைப்பை இழுத்து விலக்கினார். மெத்தையே இல்லாத இரும்புக் கட்டில். கம்பியெல்லாம் துரு.

யாரும் இல்லை.

மாமி மறைப்பைப் படக்கென்று திரும்ப இழுத்துவிட்டார். கட்டிலைவிட்டு இறங்கி ஓடத்தான் நினைத்தேன். இடுப்பு விட்டால்தானே! அந்த நேரத்தில் மல்காந்தி மிஸ்ஸி ட்ரேயோடு உள்ளே வந்தாள். டொக்டர் சரி சொல்லிவிட்டாராம். ஊசியைத் தூக்கிக் காட்டி, "விதிண்டத?" என்று கேட்டாள். போடட்டுமா என்று அர்த்தம். "ஓனே" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேணும் என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல் அதுதான். ஆனால் அந்தக் கணத்தில் வலி மேலேறி வந்து நெஞ்சை அடைத்தது.

"எப்பா!" என்று கத்திவிட்டேன்.

மிஸ்ஸி தலையாட்டினாள். ஊசியை ட்ரேயில் திரும்ப வைத்தாள். கதவை நோக்கி நடந்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பொறி தட்டியது. சிங்களத்தில் "எப்பா" என்றால் வேண்டாம். கடையில் விலை படியாமல் போகிறவர்களின் வாயிலிருந்து தினமும் நான் கேட்ட சொல். நம் வாயில் அது வலி. அவர்கள் காதில் அது மறுப்பு.

"ஓனே மிஸ்ஸி! ஓனே!" என்று அலறினேன். அவள் திரும்பினாள். பிறகு எதற்கு வேண்டாம் என்று சொன்னாய் என்று சிங்களத்தில் கடிந்துகொண்டாள்.

நான் மாமியைப் பார்த்தேன். "மாமி, அந்த வெள்ளையம்மா ஊசி வேணாம்னு எப்படிச் சொன்னாங்க? என்ன வார்த்த சொன்னாங்க?"

மாமி முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கென்ன தெரியும்? இதே ஆஸ்பத்திரிதான், ஆனா நான் உள்ளுக்கு வரலியே. மிஸ்ஸி வெளிய வந்து, 'ஊசி வேணாமாம், எப்பா எப்பான்னு கத்துறா'ன்னு சிங்களத்துல சொல்லிச்சு. நாங்க நம்பிட்டோம்." மறைப்பின் பக்கம் திரும்பினார். "அடிப் பாவி மகளே… நீ வேணாம்னு சொல்லலியா?"

மறைப்புக்கு அந்தப் பக்கம் இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது.

மிஸ்ஸி என் தொடையில் ஊசி போட்டாள். குத்தியது தெரிந்தது. மருந்து இறங்கிய குளிர்ச்சியும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தலை கிறங்கும், உடம்பு லேசாகும் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பக்கம்தான் நீளமாக ஒரு மூச்சு இறங்கியது. எத்தனையோ காலம் அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அப்பாடா…"

மாமிக்கும் கேட்டது. என் கையை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்தார். "முருகா, முருகா" என்று உதடு மட்டும் அசைந்தது.

அதற்குப் பிறகு வந்த வலி வேறு. என்னுடைய வலி வரும், முறுக்கும், இறங்கும். அது இறங்கியதும் இன்னொன்று ஏறும். அதற்கு அடியும் இல்லை, நுனியும் இல்லை. முதுகுத்தண்டைக் கத்தி வைத்துப் பிளக்கிற வலி. ஓய்வே இல்லாமல் கத்தினேன். மிஸ்ஸி என் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள். வயிறு இளகியிருக்கிறது, இப்போது உனக்கு வலி இருக்க முடியாது, சும்மா பயத்தில் கத்தாதே என்று அதட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைக் கடித்திருப்பேன்.

"இது என்னுது இல்ல மிஸ்ஸி!" என்று தமிழிலேயே கத்தினேன். அவளுக்கு என்ன விளங்கும்?

"இன்னொரு ஊசி" என்று கெஞ்சினேன். உடனே போடக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று மறுத்துவிட்டாள். நான் முக்கி, அலறி, மாமியின் சேலையைக் கிழித்துப் பிள்ளையைப் பெற்றேன். பெண் பிள்ளை. பிறந்ததும் ஓங்கி அழுதாள். என் ஊசியின் மயக்கம் அவளிடம் துளிகூட இல்லை.

மறைப்புக்கு அந்தப் பக்கம் யாரோ அயர்ந்து தூங்குகிற மூச்சு, சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சிருச்சு, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று மாமி என் நெற்றியைத் துடைத்தார்.

என் வலி முடிந்தது. அந்த இன்னொரு வலி முடியவில்லை.

ரோடு திறந்ததும் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே எதுவும் தங்கவில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி நேரம் காலம் பார்க்காமல் வந்தது. பால் கொடுக்கும்போது வந்தது. சோறு பிசையும்போது வந்தது. ஒரு மாத்திரைக்கும் அது மசியவில்லை. அஜந்தன் கோயிலுக்கு நேர்ந்து கயிறு கட்டினான். கட்டிய கையை அப்படியே பிடித்துக்கொண்டு அழுதேன். வலிக்குப் பயந்தவளுக்கு வாய்த்ததைப் பாருங்கள்!

பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று காலையில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. வந்தவர்களெல்லாம் வாசலில் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். உள் காம்பிரா அறையில் பாயில் சுருண்டு கிடந்தேன். மாமி விளக்கெண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து என் வயிற்றைத் தடவினார். தடவிய கை பாதியில் நின்றது.

"என்ன மாமி?"

அவர் இரண்டு கையையும் வயிற்றின் இரு பக்கமும் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். நானும் என் கையை வைத்தேன். பெற்று இளைத்துப்போன வெறும் வயிறு.

என் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ உதைத்தது.

மாமியின் கண்கள் நிலைகுத்தி நின்றன. வாசலில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குனிந்து என் காதில் சொன்னார்.

"தல இங்கிட்டு இருக்கு, காலு அங்கிட்டு இருக்கு. வெளிய வர வழியில்லடி… குறுக்க கெடக்குது."