மூன்றாவது கை

வேன் அவர்களை இறக்கிவிட்டுப் போன பிறகும் அம்மாவின் காலுக்கடியில் தரை ஆடிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த நாளெல்லாம் வாந்தி எடுத்தே பாதியாகிப் போயிருந்தாள். குடும்பத்தோடு கடல் சுற்றுலா என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர் அவள் கணவர். அதை அனுபவித்தவரும் அவர் ஒருவர்தான்.

அவர் டிராவல்ஸ் நடத்துபவர். யார் எதில் ஏறினாலும் இறங்கினாலும் விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். அந்தப் பழைய வீட்டின் வாசலிலும் எண்ணினார்.

"நான், அம்மா, மூத்தவ, இளையவ. நாலு. சரி, உள்ள போங்க."

துறைமுகத்தின் பின்பக்கச் சந்தில், இரண்டு கிடங்குகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நின்றது வீடு. கதவைத் திறந்ததும், துவைத்துப் பிழியாமல் மறந்துபோன துணியின் வாடை. பகலிலேயே கூடத்தில் விளக்கு எரிந்தது. அப்படியும் மூலைகள் தெரியவில்லை.

"இதுக்காப்பா நான் கை தூக்கினேன்?" என்றாள் இளையவள்.

விமானம் மறுநாள்தான். நடுவில் ஒரு ராத்திரியை எங்கே கழிப்பது என்பதில் காலையிலேயே தகராறு. அம்மாவுக்கும், நர்ஸாக இருக்கும் மூத்த மகளுக்கும் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல் போதும். அவருக்கு இந்த வீடு. அதை வாடகைக்கு விடும் ஏஜென்ட் ஒருவரிடம் வருவதாக முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார், அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு உண்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். யார் தூக்கினார்கள் என்று பிறகு பேசக்கூடாது, மனக்கசப்பு வருமாம். கண்ணைத் திறந்து எண்ணும் உரிமை அவருக்கு மட்டும்.

கப்பலிலிருந்து இறங்கி, துறைமுகத்தில் பெட்டிகள் வரும் கூடத்தில் நின்றபடியே ஓட்டு நடந்தது. பழைய வீட்டுக்கு உயர்ந்தவை இரண்டே கைகள். ஒன்று அவருடையது, இன்னொன்று இளையவளுடையது.

"மூணு கை," என்று கூசாமல் சொன்னார். "பழைய வீடுதான்."

இல்லாத கையை எண்ணுவது அவருக்குப் புதிதல்ல. பாவம், அம்மாவும் மூத்தவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் தூக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். அப்படியானால் மற்றவள்தான் காலை வாரிவிட்டாள். வேனில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து தட்டுகள்.

"நாங்க நாலு பேரும்மா," என்றார் அவர்.

"அஞ்சு பேர் உள்ள வந்தீங்களே? கடைசியா வந்தவங்க தலைகூடத் துவட்டலை. சொட்டச் சொட்ட வந்தாங்க. நான்தான் தரையைத் துடைச்சேன்."

இளையவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "உள் ரூம் கட்டிலை மட்டும் காலியா விடாதீங்க. யாராவது ஒருத்தர் படுத்துடுங்க."

"படுக்கலேன்னா?"

"எனக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் வேலைங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் தனியாகப் போய் உள் அறையைப் பார்த்தார். ஜன்னல் கிடையாது. ஒற்றைக் கட்டில், அதன் மெத்தையில் ஓர் ஆள் படுத்து எழுந்த அளவுக்கு ஈரம். தொட்ட விரலை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. திரும்பியபோதுதான் கதவின் உட்பக்கம் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழ்வரை உள்ளங்கைத் தடங்கள். பெரியவர்களுடையவை, குழந்தைகளுடையவை. எல்லாம் உள்ளேயிருந்து தட்டியவை.

வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"நல்ல ரூம்தான்," என்றார்.

இருட்டத் தொடங்கியது. நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நாற்காலி அம்மாவுக்குப் பின்னால், சுவரோரம் கிடந்தது. யாரோ மெதுவாக உட்காருவதைப்போல அது முனகியது. பிறகு அதன் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

அதோடு உள் அறைக் கதவில் ஒரு தட்டல்.

காலிக் கட்டில் உள்ள அறையிலிருந்து.

"கிளம்பிடலாம்ப்பா," என்று கிசுகிசுத்தாள் மூத்தவள். "எங்கயாவது. இப்பவே."

"வேன் காலையிலதான் வரும். இந்தச் சந்துல பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாராவது ஒருத்தர் அங்க படுத்துட்டா ஆச்சு. ஓட்டுப் போட்டுடுவோம். கண்ணை மூடுங்க."

மூன்று பேரும் மூடினார்கள். பழக்கதோஷம்.

"அம்மா படுக்கட்டும்ங்கிறவங்க."

அவர் தன் கையைத் தூக்கினார். மகள்களின் கைகள் மடியிலேயே கிடந்தன.

அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது.

வெளுத்து, ஊறி, விரல் நுனிகள் சுருங்கிப்போன கை. முழங்கையிலிருந்து நீர் வழிந்தது. கைக்குப் பின்னால் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

காலையில் அவர் எண்ணிய அந்த மூன்றாவது கை. அவர் கூப்பிட்டார், அது வந்துவிட்டது.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார். "சரி... நான் படுக்கட்டும்ங்கிறவங்க?"

யோசிக்கக்கூட இல்லை. மூன்று கைகளும் சட்டென்று உயர்ந்தன. மனைவியின் கை, மூத்தவளின் கை, அவர் செல்லம் கொடுத்து வளர்த்த இளையவளின் கை. இளையவளுடையதுதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது.

ஈரக் கை மட்டும் உயரவில்லை. அது அவர் பக்கம்.

கதவின் உட்பக்கத் தடங்கள் அவர் கண்முன் வந்தன. அங்கே போகிறவர் திரும்புவதில்லை என்று இந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கண்ணைத் திறங்க," என்றார். "அம்மாவுக்கு மூணு கை. அம்மாதான்."

அம்மா தன் இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் தூக்கலம்மா," என்றாள் மூத்தவள். "சத்தியமா, நான் தூக்கவே இல்ல."

"காலைலயும் நீ தூக்கலைதான்," என்றாள் அம்மா.

மூன்றில் ஒன்று அம்மாவே தனக்காகத் தூக்கியது, இன்னொன்று மற்றவளுடையது என்று மகள்கள் இருவரும் நினைத்துக்கொண்டார்கள். இளையவள் அக்காவை முறைத்தாள், அக்கா தங்கையை முறைத்தாள். அப்பாவை யாரும் பார்க்கவில்லை. அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு, ஆடும் தரையில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். பெற்ற பிள்ளைகள் சேர்ந்து தள்ளிவிட்டார்கள் என்ற நினைப்போடுதான் போனாள். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

தட்டல் நின்றது.

காலையில் மற்றவர்கள் எழுந்தபோது அம்மா பெட்டியோடு வாசலில் தயாராக நின்றாள். தலை ஈரமாக இருந்தது. தள்ளாட்டமே இல்லை, ஆணி அடித்தாற்போல நின்றாள்.

"குளிச்சிட்டியாம்மா?" என்று மூத்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா புன்னகைத்தாள்.

அவருக்குப் போன உயிர் வந்தது. வேனில் ஏறியதும் விரலை நீட்டி எண்ணினார். நாலு. சரியாக இருந்தது.

விமான நிலையத்தில் மகள்கள் வரிசையில் நிற்கப் போனார்கள். அவரும் மனைவியும் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அந்த வீட்டு அம்மாள்.

"நேத்து அஞ்சு பேர் வந்தீங்க. நாலு பேர்தான் போயிருக்கீங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உள் ரூம்ல ஒருத்தங்க கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. நீங்க வந்து அவங்களுக்குப் பதிலாப் படுத்தா கதவு திறக்கும். ராத்திரி ஆயிட்டா அப்புறம் எப்பவும் திறக்காது. இதோ, பேசுங்க."

போனில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், அவர் மனைவியின் குரல்.

"என்னங்க... தரை ஆடுதுங்க. தண்ணி ஏறுதுங்க. மூத்தவகிட்டச் சொல்லுங்க, அவ தூக்கலைன்னு எனக்குத் தெரியும். கோவத்துல சொல்லிட்டேன்."

அவர் மெல்லத் திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மனைவியின் சேலை. மனைவியின் முகம். மடியில் கிடந்த விரல்கள் மட்டும் நெடுநேரம் தண்ணீரில் ஊறியவைபோலச் சுருங்கியிருந்தன.

திரும்பிப் போக இன்னும் நேரம் இருந்தது. வெளியே வண்டிகளும் நின்றன.

"உங்களுக்கு ஏதோ குழப்பம்மா," என்றார் போனில். "எங்க ஆளுங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். நான் எண்ணிட்டேன்."

வைத்துவிட்டார்.

பக்கத்து இருக்கையில் ஒரு கை உயர்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. உயர்ந்த கை இறங்கவும் இல்லை.

"நம்ம வீட்லயும் உள்ளுக்குள்ள ஒரு ரூம் இருக்கில்ல?" என்று அது அவர் காதருகே கேட்டது. மூச்சில் உப்பு வாடை. தூரத்தில் வரிசையில் நின்ற இரண்டு பெண்களையும் அந்தச் சுருங்கிய விரல் மாறி மாறிக் காட்டியது. "யாரு படுக்கறதுன்னு ஓட்டுப் போட்டுடலாம். இனிமே நான் எண்ணறேன். நீங்க கண்ணை மூடிக்குங்க."

ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.