அறையில் எத்தனை பேர்

கண் வார்டுக்கு நான் மாற்றலாகி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அதற்கு முன் பதினோரு வருடம் பிரசவ வார்டு. அழுகையும் அலறலும் கேட்டே பழகிய காது எனக்கு. இங்கே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஸ்பிரிட் வாடை, பழைய மின்விசிறியின் கறகறப்பு, பகலிலும் இழுத்து மூடிய திரைகள். கட்டுப் போட்ட நோயாளிகள் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார்கள், அவ்வளவுதான். இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

தாழ்வாரக் கோடியில் கட்டுப் பிரிக்கிற அறை. பெரிய டாக்டருக்கு வார்டில் 'கணக்கு டாக்டர்' என்று பெயர். கட்டை அவிழ்த்ததும், எழுத்து அட்டையைக் காட்டுவதற்கு முன்னால், ஒரே கேள்விதான் கேட்பார்.

"இங்க எத்தனை பேர் நிக்கிறோம்?"

நிற்பது எப்போதும் மூன்று பேர். டாக்டர், ஆயா, நான். மூன்று என்றால் படிவத்தில் 'சரி' என்று எழுதுவார். மறுநாள் வீட்டுக்குப் போகலாம். வேறு எண் வந்தால் இன்னொரு வாரம் படுக்கை. வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் வேலையிடத்துக்கு ஒரு கடிதமும் போகும். அதோடு அந்த ஆள் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் வந்த மூன்றாம் நாள், ஒரு தையல்காரம்மாவுக்குக் கட்டுப் பிரித்தோம். மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

"நாலு பேர்."

"யார் யாரும்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"டாக்டர், ஆயா, ரெண்டு சிஸ்டர். ஒருத்தர் நீங்க. இன்னொருத்தர் ஜன்னலோரமா நிக்கிறாங்க."

டாக்டர் சிரித்தார். புதிதாகத் திறந்த கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிவது சகஜமாம். நானும் தலையாட்டினேன். ஆனால் இரண்டாகத் தெரிந்தால் என் தோளோடு ஒட்டித்தானே தெரிய வேண்டும்? ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே ஒரு அலமாரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு தச்சர். அவரும் நாலு என்றார். இரண்டாவது சிஸ்டர் அலமாரிப் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார். தையல்காரம்மாவும் இவரும் வேறு வேறு கூடத்தில் படுத்திருந்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

அதற்கடுத்து ஒரு கடைக்காரர். எதையும் நம்பாத, எல்லாவற்றுக்கும் வாதாடுகிற ஆசாமி. கட்டு அவிழ்ந்ததும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். என்னைக் கைகாட்டிக் கிட்டே கூப்பிட்டு, காதோடு சொன்னார்.

"உங்க முதுகுக்குப் பின்னாடி ஒருத்தங்க நிக்கிறாங்க சிஸ்டர். உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரிப் பக்கமிருந்து ஈரத்துணி வாடை அடித்தது.

அன்று டாக்டரிடம் கேட்டே விட்டேன்.

"நாம மூணு பேரும் பாக்குறது மூணு," என்றார் அவர், படிவத்திலிருந்து தலையெடுக்காமல். "அவர் ஒருத்தர் பாக்குறது நாலு. எது நிஜம்?"

"மூணு பேர் சொல்லியிருக்காங்களே சார், தனித்தனியா?"

"அவங்க நோயாளிங்கம்மா. கண்ணு சரியில்லாமதானே நம்மகிட்ட வந்தாங்க? நல்ல கண்ணு ரெண்டு பேருக்கு ஒண்ணு தெரிஞ்சா அது நிஜம். நீங்க நல்லா தூங்குங்க."

தூக்கம் எங்கே வந்தது! அந்த வாரமே என் வீட்டுக்காரர் கண்ணில் பேட்டரி அமிலம் தெறித்தது. பஸ் டிரைவர். இருபது வருடம் ஓட்டியவர். ஒரு நாள் வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் நாற்காலியையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன், ஐந்து நாள் கட்டு. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் என்ன மிஞ்சும்?

கட்டுப் பிரிக்கிற காலை, மற்றவர்கள் வருவதற்குள் அவர் காதருகே குனிந்தேன்.

"டாக்டர் எத்தனை பேர்னு கேப்பாரு. உங்களுக்கு என்ன தெரிஞ்சாலும் சரி, மூணுன்னு சொல்லுங்க."

"நாலு தெரிஞ்சா?"

"மூணுதான்."

"ஏய், பயமுறுத்தாத. நீ இருப்பல்ல?"

"நான் எங்க போகப் போறேன்? பக்கத்துலயேதான் இருப்பேன்."

சொன்னபடியே கட்டிலுக்கு வலது பக்கம் நின்றேன். காலடியில் ஆயா. எதிரே டாக்டர். இடது பக்கம் ஒரு காலி முக்காலி. கட்டின் கடைசிச் சுற்று அவிழ்ந்தது.

கண்ணைத் திறந்தார். சிமிட்டினார். டாக்டரைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலரச் சிரித்தார்.

"எத்தனை பேர் நிக்கிறோம்?"

"மூணு பேர் சார்."

'சரி' என்று எழுதிவிட்டு டாக்டர் எதிர் அறைக்குப் போனார். ஆயா கட்டுத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லவேளை," என்றார் என் வீட்டுக்காரர். "பொய் சொல்லவே வேண்டியதில்லாம போச்சு. மூணு பேர்தான் இருந்தீங்க."

முக்காலியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் இந்தப் பக்கம் இருக்கேங்க," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பார்வை முக்காலியை விட்டு நகரவில்லை.

"என்னடி இது, உன் வாய் அசையவே இல்ல. குரல் அந்தப் பக்கமிருந்து வருது?"

தோளைத் தொட்டேன். ஷாக் அடித்தது போல் உதறினார். என் பக்கம் திரும்பினார். என் முகம் இருக்கும் இடத்தைத் தேடினார். கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல் என் வழியாகச் சுவரைப் பார்த்தார்.

"யாரோ தொட்டாங்க."

மறுபடி முக்காலிப் பக்கம் திரும்பி, ரகசியமாகக் கேட்டார்.

"இந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டது. மெல்லத் தலையாட்டினார். "அதானே," என்றார்.

ஓடினேன். எத்தனை பேர் என்று கேட்டோமே, யார் யார் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? சாலையைக் கடக்கிற ஒரு ஆள் இவர் கண்ணுக்குப் படாமல் போனால்? பஸ் போனால் போகட்டும். வேலை போகட்டும், கடிதம் போகட்டும். திருத்தி எழுதச் சொல்லிக் காலில் விழத் தயாராகத்தான் டாக்டர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சார், அந்தப் படிவத்துல கையெழுத்துப் போடாதீங்க. அவருக்கு நான் தெரியல சார்!"

பேனா நகர்ந்துகொண்டே இருந்தது. மேஜையைத் தட்டினேன். டாக்டர் தலையைத் தூக்கி, கதவைப் பார்த்து, மின்விசிறியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு முடித்தார்.

"ஆயா, சிஸ்டர் எங்க? அவங்களும் இதுல கையெழுத்துப் போடணும்."

நான் வாசலுக்குப் பின்வாங்கினேன். ஆயாவும் அங்கே வந்தாள். என் கை மேல் உரசிக்கொண்டுதான் நின்றாள். எதிர் அறையை எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அங்கதான் சார் இருக்காங்க. வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

டாக்டர் எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாக நெடுநேரம் பார்த்தார்.

"ஆமாமா," என்றார். "பாவம், ரொம்பப் பயந்துட்டாங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நானும் பார்த்தேன். கட்டிலில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். இடது கையை முக்காலிப் பக்கம் நீட்டியிருந்தார். அந்தக் கையின் தோல் நான்கு இடத்தில் குழிந்து, வெளுத்துப் போயிருந்தது.